பூகோள சாரின் மார்கழி நடை

பள்ளியில் நமக்குப் பூகோளம் எடுத்த சார் மறைந்த செய்தி வந்த நாளிலிருந்து நம் பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு இதுதான். மார்கழியில் சென்னைக்குப் போகிறவர்கள் ஒன்றுகூடி, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடற்கரையை அளந்தபடி அவர் மார்கழிதோறும் நடந்த நடையை ஒருமுறை நடக்க வேண்டும். நடக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் நடத்திய மாதிரியே நடக்க வேண்டும். ராயபுரத்தில் கூடிப் படம் எடுத்துக்கொண்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தால் அது சாருடைய நடை ஆகாது. அதனால்தான் முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்புத் தூண்களுக்கு முன்னால் காலை 5 மணிக்குக் கூட வேண்டும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. சார் அதைச் சொல்ல இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். மார்கழியில் சூரியன் எழ ஆறரை ஆகும். இருட்டு விலகுவதற்குள் காசிமேட்டு மீன் ஏலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. வரிசையில் மிக மெதுவாக நடப்பவர் முதலில், வழி தெரிந்த ஒருவர் கடைசியில். வேகமானவரை முன்னால் விட்டால் கல் மண்டபம் தாண்டுவதற்குள் கூட்டம் இரண்டாக உடைந்துவிடும். திருவொற்றியூர் வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். வடக்கு நோக்கிப் போவதால் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும், காதை மூடிக்கொள்ளுங்கள். போகி நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், புகையில் பத்தடி தெரியாது.

காசிமேட்டுக்கு வாரநாளில் போவதே நல்லது. ஞாயிற்றுக்கிழமை நிற்கவே இடம் இருக்காது. உருகிய ஐஸ் தண்ணீரும் செதிலும் சேர்ந்து தரை வழுக்கும். ரப்பர் செருப்பு சறுக்கும், முதுகுவரை சேறும் தெறிக்கும். அடிப்பக்கம் வரி உள்ள ஷூ போடுங்கள். மீன்பாடி வண்டி வரும் வழியில் நிற்காதீர்கள், பாரத்தோடு வருகிறவரால் சட்டென்று நிறுத்த முடியாது. வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி என்று பெயர் கேட்டால் அங்கிருக்கும் அம்மாக்கள் சொல்வார்கள். ஆனால் ஏலம் ஓடும்போது கேட்கக் கூடாது, படம் எடுப்பதற்கும் முதலில் அனுமதி வாங்க வேண்டும். இந்த இரண்டிலும் சார் கண்டிப்பாக இருந்தார்.

அங்கிருந்து கரையோரமாக வடக்கே நடக்க வேண்டும். சார் இந்த நடையை வைத்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

நம் கடலில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. மார்ச் முதல் அக்டோபர் வரை அலையும் நீரோட்டமும் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். மீனவர்கள் இதைத் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் ஓட்டம் திரும்பி, வடக்கிலிருந்து தெற்கே போகும். அது வன்னி. ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. அப்படித் தங்கியதுதான் மெரினா. அதற்கு முன் கோட்டைச் சுவரையே அலை தொட்டது. மெரினாவில் சேர்ந்த மணல் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வந்திருக்க வேண்டியது. அது வராததால் இங்கே கடல் குப்பங்களைத் தின்றது. இதை சார் கரும்பலகையில் எழுதியதேயில்லை. கரையில் நிற்க வைத்துத்தான் சொன்னார்.

பிறகு கரையின் அகலத்தைக் காலடியால் அளக்க வேண்டும். முதலில் தார் சாலையில் 30 மீட்டர் நாடாவை விரித்து மூன்று முறை நடந்து, காலடியை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். மணலிலும் அதையே செய்ய வேண்டும், ஏனென்றால் கால் புதைந்து அடி குறுகும். இதை விட்டுவிட்டால் கரை உண்மையில் இருப்பதைவிட அகலமாகத் தெரியும். தொடங்கும் இடமாக மரத்தையோ விளக்குக் கம்பத்தையோ வைக்கக் கூடாது, அடுத்த ஆண்டு அது இருக்காது. சாலைக்கு மேற்கே பழைய கட்டடத்தின் மூலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடியும் இடம் அலை அல்ல. கடைசி ஏற்றத்தின்போது நீர் விட்டுப்போன ஈரக்கோடுதான் முடிவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்தக் கோடு மேலே ஏறிவிடும் என்பதால் திதியையும் குறிக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் கரையின் அகலம் மாறும். ஆகவே மார்கழியை மார்கழியோடுதான் ஒப்பிடலாம். எண், திதி, அளந்தவர் பெயர் மூன்றும் நீல அட்டை நோட்டில் ஏறும்.

பாறைச் சுவரின் மேல் யாரும் ஏற வேண்டாம். பாசி படிந்த கருங்கல், இடுக்கில் கால் சிக்கினால் எலும்பு முறியும். தூண்டில் வளைவுகளை, அதாவது மணலைத் தடுத்து நிறுத்தக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் வரிசைகளை, தூரத்தில் நின்று பார்த்தாலே போதும். எந்தப் பக்கம் மணல் ஏறியிருக்கிறது, எந்தப் பக்கம் அரித்திருக்கிறது என்று பார்த்தால் ஓட்டத்தின் திசை புரிந்துவிடும்.

பட்டினத்தார் சமாதியில் நடை முடியும். ஒரு காலத்தில் கடற்கரை மணலில் இருந்த இடம். பேய்க்கரும்பு இனித்த கதையை நமக்கு அங்கே சொன்னவரும் சார்தான், தமிழ் ஐயா அல்ல. பிறகு தேரடி வழியாக வடிவுடையம்மன் சன்னதி, மார்கழிப் பொங்கல்.

நாம் ஒவ்வொருவராக விமானம் ஏறிய ஆண்டுகளில் நோட்டில் பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசிப் பக்கங்களில் அளந்தவர் என்ற இடத்தில் சாருடைய கையெழுத்து மட்டும்தான். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத வேண்டிய வேலையை அந்த வயதில் அவர் தனியாகவே செய்திருக்கிறார். இப்போது தூண்டில் வளைவுகளுக்கு நடுவே சில இடங்களில் மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது. அதை அளக்கும்போது அவர் பக்கத்தில் நாம் இல்லை.

நாடா சங்கத்தின் செலவில் வாங்கிக்கொள்ளலாம். நோட்டு சாருடைய வீட்டில் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். இரண்டு பேராகப் போய் வாங்கி வாருங்கள்.