பால் டின் முடிஞ்சு போச்சா?

எங்கள் கடைக்குத் தினமும் தே, அதாவது தேநீர், குடிக்க வரும் தாத்தா அதை விளையாட்டாகத்தான் கேட்டாரோ என்ற சந்தேகம் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. "தம்பி, பால் டின் முடிஞ்சு போச்சா?" அவ்வளவுதான் கேட்டார். "ஆமா தாத்தா, நாளைக்கு வந்துடும்" என்றிருந்தால் அதோடு போயிருக்கும்.

நான் சொன்னது வேறு. "இல்ல தாத்தா, நான்தான் குறைச்சேன். இனிப்பு நீர் வியாதிய வச்சுக்கிட்டு, கால்ல ஆறாத புண்ணு வேற. இவ்வளவு இனிப்பு ஆகாது."

மேசையில் இருந்த நான்கு பேரும் குனிந்து அவர் காலைப் பார்த்தார்கள்.

புண் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மழை பெய்த ஒரு காலையில் கடைக்குப் பின்பக்கமாக வந்து, காலில் கட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பை கேட்டார். அப்போது துணிக்கட்டைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. பின்பக்கமாக வந்ததே அதற்குத்தான் என்று எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவர் தேயில் ஊற்றும் டின் கெட்டிப்பாலை இரண்டு கரண்டியிலிருந்து ஒரு கரண்டியாகக் குறைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. 2019 ஆய்வில் மலேசியாவில் பெரியவர்கள் நூறு பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர் என்றார்கள். அதே வருடம் ஜூலையில் போத்தல் பானங்களுக்குச் சீனி வரி போட்டார்கள். கடையில் கலக்கிக் கொடுக்கும் தேக்கு வரி கிடையாது, என் கரண்டிதான் வரி. அப்பாவும் இதே வியாதியில்தான் ஒரு காலை இழந்தார். எனக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் சுங்கை சிப்புட்டில் எங்கள் கடைக்கு அந்த ஐந்து பேரும் தே குடிக்க மட்டுமா வந்தார்கள்? ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாகி, தோட்டத்து லய வீடுகளை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புக்கு வந்து வருடக்கணக்காகியும், பிரட்டுக்கு, அதாவது விடிகாலையில் ஆள் எண்ணும் கூட்டத்துக்கு, எழுந்த பழக்கம் போகவில்லை. ஆறு மணிக்கு நான் கதவைத் தூக்கும்போது வாசலில் நிற்பார்கள். வாசல் மேசைதான் அவர்களுக்குப் பிரட்டுக்களம். பெயர் கூப்பிடக் கிராணி என்கிற கணக்குப்பிள்ளை இல்லை, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேடு இல்லை. ஆனால் ஒருவர் வரவில்லை என்றால் ஏழு மணிக்குள் இன்னொருவர் மோட்டாரில் போய்க் கதவைத் தட்டுவார். அப்படித் தட்டப் போய்த்தான் ஒருமுறை, குளியலறையில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்த பிறகும், பொட்டலத் தே வாங்குகிற சாக்கில் வருவார்கள். எட்டி எட்டி நின்று தலை எண்ணிக்கொண்டு போவார்கள்.

அந்த மேசையில்தான் நான் புண்ணை அவிழ்த்துப் போட்டேன்.

தாத்தா கோபப்படவில்லை. மீதித் தேயைக் குடித்து முடித்தார். நான்கு ஐம்பது காசுகளை கிளாஸ் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டு எழுந்தார். அதன் பிறகு வரவில்லை. முதல் நாள் ஒருவர் போய்க் கதவைத் தட்டினார். "நல்லாத்தான் இருக்கேன், போ" என்றாராம்.

மருந்து சரியாகச் சாப்பிடுகிறாரா, கிளினிக்குக்குப் போனாரா, தெரியாது. நான் பேசியதால் போயிருக்கலாம். போயிருந்தால் நான் செய்தது சரி என்று ஆகிவிடுமா? அதுவும் தெரியவில்லை.

போன வாரம் அவருடைய கூட்டாளி ஒருவர் சொன்னார்: "அவனுக்கு முதல் நாளே தெரியும் தம்பி. பையன் பாலைக் குறைச்சுட்டான்னு எங்ககிட்டச் சொல்லிச் சிரிச்சான்." மூன்று வாரம் தெரிந்தே குடித்திருக்கிறார். அப்படியென்றால் அவரை எழுப்பிவிட்டது கரண்டி இல்லை, என் வாய். அல்லது கூட்டாளி என்னைக் குத்திக் காட்டத்தான் அப்படிச் சொன்னாரோ.

நேற்று அதே கூட்டாளி தன் தேயோடு இன்னொன்றும் பொட்டலம் கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"எப்படிக் கலக்கணும்?"

"அதெல்லாம் சொல்லல."

கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒன்றரைக் கரண்டி போட்டு, ஆற்றி, பையின் ஓரத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.