மாங்க்டன் அங்கே இல்லை

பிரிட்டிஷ் தளபதி வுல்ஃப் போர்க்களத்தில் சாவதைப் பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த ஓவியத்துக்கான குறிப்பில் நான் எழுதியிருந்த வரி இதுதான்: “ஓவியத்தில் இருப்பவர்களில் பலர் வுல்ஃப் இறந்தபோது அருகில் இல்லை, மாங்க்டன் அதே போரில் வேறோர் இடத்தில் குண்டடிபட்டிருந்தார்.” வரைவைப் பார்த்துக் கொடுக்க வந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அங்கேதான் விரலை வைத்தார்.

“இதை எடுத்துடுங்க தம்பி.”

“உண்மைதானே சார்?”

“உண்மைதான். அது மாங்க்டனுக்குத் தெரியாதா?”

நான் எடுக்கவில்லை.

ஜேம்ஸ் வுல்ஃப், பிரெஞ்சுப் படையோடு நடந்த போரில், கனடாவின் கியூபெக்கில் இறந்தது 1759 செப்டம்பர் 13 அன்று, 32 வயதில். பெஞ்சமின் வெஸ்ட் அந்தச் சாவை வரைந்தது 1770-இல். பார்க்கிறவர்கள் கூடவே நின்று வரைந்ததாக நம்பிவிடுகிறார்கள். இல்லை என்று சொல்லத்தானே குறிப்பு? இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆனால் ‘மாங்க்டனுக்குத் தெரியாதா’ என்ற கேள்வி என்னை விடவில்லை. 1776-இல் வெஸ்ட் இதே ஓவியத்தை மாங்க்டனுக்காக இன்னொரு முறை வரைந்தார். அது இப்போது டொராண்டோவில், ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தான் இல்லாத இடத்தில் தன்னை நிறுத்தியிருக்கிற படம் அந்த மனிதருக்கு வேண்டியிருந்திருக்கிறது. பெருமைக்காக என்றுதான் நினைத்தேன். வுல்ஃபுக்கு அடுத்த நிலையில் இருந்த தளபதி, பெயராசை இருக்காதா? அதிகாரி அப்படிப் பார்க்கவில்லை. “கூட இருந்தவன் போறப்ப பக்கத்துல இல்லாதவனுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிங்க” என்றார். யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பதிலுக்கு ஹெர்வி ஸ்மித்தை இழுத்தேன். வுல்ஃபின் உதவி அதிகாரியாக இருந்தவர். அவர் பக்கவாட்டில் வரைந்த கோட்டுப்படத்தை வைத்து ஷாக் என்ற ஓவியர் தீட்டியதாகக் கருதப்படும் ஓவியம் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. கூர்மூக்கு, உள்வாங்கிய முகவாய், எதையும் அழகாக்கவில்லை. தோழன் செய்யும் நினைவுப்படம் என்றால் இதுதான் சார் என்று வாதாடினேன். நல்ல வாதம் என்றுதான் அப்போது தோன்றியது. அப்புறம் யோசித்தால், டவுன்ஷெண்டும் அதே படையில் இருந்தவர்தான். வுல்ஃபைப் பிடிக்காமல் கேலிச்சித்திரமாக வரைந்து தள்ளியவர். கூட இருந்தவர் கை என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. போதாததற்கு, வெஸ்ட்டின் ஓவியத்தில் அதே ஸ்மித்தும் வுல்ஃபின் பக்கத்தில் இருக்கிறார்.

கடைசியில் வரியை வைத்துக்கொண்டு, மாங்க்டனுக்கு ஒரு பிரதி போனது என்று கீழே சேர்த்தேன். ஏன் என்று எழுதவில்லை. அதிகாரி சொன்னதை எழுத ஆதாரம் வேண்டும், அது என்னிடம் இல்லை. பெருமைக்காக என்று நான் நினைத்துக்கொண்டதற்கும் எந்த ஆதாரமும் இருந்ததில்லை.