ஊருக்குள்ள எத்தனை எல்கேஜி புள்ளைங்க? வீடு வீடா எண்ணின அனுபவம்

கள்ளக்குறிச்சி பக்கம் எங்க ஊரு, ஒன்றிய நடுநிலைப்பள்ளில எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) மெம்பரா இருக்கேன். 2019 ஜனவரில நடுநிலைப்பள்ளி வளாகத்துல இருக்கற 2381 அங்கன்வாடில எல்கேஜி யுகேஜி ஆரம்பிச்சாங்கல்ல, அதுல எங்களோடதும் ஒண்ணு. 2022ல அத நிறுத்தப் போறாங்கன்னு செய்தி வந்து, எதிர்ப்பு கெளம்பினதும் தொடரும்னு சொல்லி, மாசம் 5000 ரூபாய்க்கு தற்காலிகமா டீச்சர் போட்டாங்க (அந்த சம்பளத்துக்கு ஒரு டீச்சர் தெனம் பஸ் புடிச்சு வர்றதே பெருசு, அத தனியா ஒருநாள் பொலம்பறேன்).

விஷயம் என்னன்னா எல்கேஜில புள்ளைங்க கொறஞ்சுகிட்டே வந்துச்சு. கூட்டத்துல ஹெச்எம், "ஏம்மா, ஊர்ல புள்ளையே பொறக்கலியா?"ன்னு கேட்டுட்டாங்க. சரி எண்ணியே பாத்துருவோம்னு நானும் பால்வாடி டீச்சரக்காவும் எறங்கினோம்.

மொதல்ல பால்வாடி ரெஜிஸ்டர எடுத்தோம். அதுல பேரெல்லாம் நெறைய இருக்கு, ஆனா அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, ஏன்னா பேரு பால்வாடில இருக்கும், சத்துமாவும் வீட்டுக்குப் போவும், புள்ள மட்டும் காலைல பிரைவேட் ஸ்கூல் வேன்ல ஏறிரும். அதனால வீட்டுக்கே போயாவணும். பகல்ல போனா பூட்டு தான் தொங்குது, எல்லாம் நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போயிருப்பாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க. இன்னொண்ணு, "புள்ள எந்த ஸ்கூல்?"னு கேக்காதீங்க, நம்ம கிட்ட சொல்ல சங்கடப்பட்டு "இன்னும் சேக்கலக்கா"ன்னு மழுப்புவாங்க. "வேன் எத்தன மணிக்கு வருது?"ன்னு கேட்டா சட்டுனு வந்துரும்.

ஜாதி எழுதற கட்டம் இருக்கே, அத திண்ணைல உக்காந்து கேக்கவே கூடாது. அட்மிஷன் அப்ப சர்டிபிகேட் பாத்து இஎம்ஐஎஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் பதிவு) ஏத்திக்கலாம். பொறந்த தேதிய மட்டும் பத்திரம் பாத்தே எழுதுங்க, வாயால சொல்றது ஆறு மாசம் முன்ன பின்ன இருக்கும். சில வீட்டுல பொறப்பு பத்திரத்துல புள்ள பேரே ஏறல, பதினஞ்சு வருஷம் வரைக்கும் பேர் சேக்கலாம், ஒரு வருஷம் தாண்டினா தாமதக் கட்டணம் அவ்ளோதான். இது பல பேருக்குத் தெரியாம ஆதாரும் எடுக்காம கெடக்கு.

எண்ணி முடிச்சு பாத்தா ஊர்ல புள்ளைங்களுக்குப் பஞ்சமே இல்ல. ஒரே வீட்டுல பையன் வேன்ல போறான், பொண்ணு நம்ம பள்ளிக்கு வருது, இத நான் ஒரு வீட்ல ரெண்டு வீட்ல பாக்கல. காலனித் தெரு புள்ளைங்க பெரும்பாலும் நம்ம கிட்ட, ஊர்த்தெருவுல வசதி இருக்கறவங்க மொத்தமா வேன்ல. வசதி இல்லாதவங்களும் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத சீட்டுல, அரசே பீஸ் கட்டறதால, போறாங்க, பிரைவேட்ல அந்த அட்மிஷன் எல்கேஜிலயே ஆரம்பிக்குதுல்ல, வருமானம் ரெண்டு லட்சத்துக்குள்ள இருந்தா அப்ளை பண்ணலாம். அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், கெடைக்கறத யாரு விடுவா. ஆனா அரசு காசுலயே அரசு பள்ளி காலியாவுதுன்னு ஒரு எரிச்சல் இருக்கத்தான் செய்யுது.

அடுத்தது படிப்பு. சின்ன கிளாஸ் புள்ளைங்களுக்கு எழுத படிக்க, கணக்குப் போட கத்துக்குடுக்கற எண்ணும் எழுத்தும் திட்டத்துல, அரும்பு மொட்டு மலர்னு (அரும்பு தான் அடிநிலை) புள்ளைங்கள பிரிப்பாங்கல்ல, யுகேஜி முடிச்சு வந்தும் மூணாங்கிளாஸ்ல சிலது அரும்புலயே நிக்குது, அப்ப எல்கேஜியே வேஸ்ட்டான்னு கூட்டத்துல ஒருத்தர் ஆரம்பிச்சாரு. நாங்க பழைய அட்டெண்டன்ஸ எடுத்து பக்கத்துல வச்சுப் பாத்தோம். அரும்புல இருக்கறதுல பாதிக்கு மேல கரும்பு வெட்டப் போற வீட்டுப் புள்ளைங்க. சீசன் வந்தா அப்பா அம்மாவோட கெளம்பிரும், திரும்பி வர கோடை ஆயிரும். வருஷம் பூரா ஒழுங்கா வந்த புள்ளைங்க நல்லாவே படிக்குது. இத பாக்காம மார்க்க மட்டும் வச்சு டீச்சர திட்டினா என்ன நியாயம்.

வேன் ஸ்கூல் புள்ள ஏபிசிடி நோட்டு நெறைய எழுதிட்டு வருது, நம்ம புள்ள ஆடிப்பாடி வெளையாண்டுட்டு வருது, பெத்தவங்க கண்ணுக்கு நோட்டு தான் தெரியும். நாலு வயசு புள்ள வெரல் வலிக்க எழுதறதுல என்ன பெருமையோ.

பல அம்மாக்கள் கேட்டது இன்னொண்ணு: ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து அஞ்சு வரைக்கும் காலை உணவு இருக்கு, அக்கா பொங்கல் சாப்புடறா, எல்கேஜி படிக்கற தம்பிக்கு ஏன் கெடையாது? எங்க கிட்ட பதில் இல்ல. அத தீர்மானமா எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பிருக்கோம், இன்னும் ஒண்ணும் வரல.

கரும்பு வெட்டுக்குப் போற வீடுகள்ல எங்கெங்க பாட்டி தாத்தா ஊர்லயே இருக்காங்கன்னு தனியா ஒரு லிஸ்ட் எடுத்து வச்சிருக்கோம். சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள அந்த வீடுகளுக்கு ஒருக்கா போயி, சின்னத மட்டுமாவது விட்டுட்டுப் போங்கன்னு கேட்டுப் பாக்கணும். ரெண்டு பாட்டிங்க இப்பவே சரின்னுட்டாங்க, ஒரு பாட்டி மட்டும் "ராத்திரி அம்மா கேட்டு அழுதா நீ வந்து தூக்குவியா?"ன்னு கேட்டுச்சு.