போன முறையும் இதே கடைதான்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குக் கருவிகள் செய்துகொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நான் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். அரசிடம் ஒப்பந்தம் எடுப்பது எங்கள் நிறுவனம். அதில் பாதிக்கு மேற்பட்ட உதிரிப் பாகங்களைச் செய்வது துணை ஒப்பந்ததாரர்கள். அவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் விலை நியாயமானது என்று காட்ட வேண்டிய பொறுப்பும் எங்களுடையதுதான். ஃபெடரல் கொள்முதல் விதிகளின் 15.404-3 பிரிவு அதைத்தான் சொல்கிறது. விதி என்னவோ இரண்டு வரிதான். அதற்குள் நான் எட்டு வாரம் மாட்டிக்கொண்டேன்.

பிரச்சினை ஓர் அலுமினியக் கூட்டில் தொடங்கியது. மின்னணுப் பலகை உள்ளே உட்காரும் பெட்டி, அவ்வளவுதான். 2021இல் எனக்கு முன்பிருந்தவர் 60 பெட்டிகளை, ஒன்று 1,310 டாலர் வீதம் வாங்கியிருந்தார். எங்கள் கொள்முதல் முறையைப் பரிசோதிக்க வந்த அரசுக் குழு, அந்தக் கோப்பைக் கையில் எடுத்தது. விலை நியாயம் என்பதற்கு அதில் ஒரே ஒரு வரி இருந்தது: "2019இல் கொடுத்த 1,180 டாலருடன் ஒப்பிடப்பட்டது, உயர்வு ஏற்கத்தக்கது." சரி, 2019 கோப்பைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அதில் 2017 விலையுடன் ஒப்பிடப்பட்டிருந்தது. 2017 கோப்பில் விலைப்புள்ளி மட்டும் இருந்தது. முதல் விலையை யாரும் எதனுடனும் ஒப்பிடவே இல்லை. அஸ்திவாரமே இல்லாமல் மாடிமேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறோம்.

பழைய விலையுடன் ஒப்பிடுவதைக் கொள்முதல் விதிகள் தடுக்கவில்லை. ஆனால், அந்தப் பழைய விலை நியாயமானதுதானா என்பதே சந்தேகமாக இருந்தாலோ, இடையில் காலம் நிறையக் கடந்திருந்தாலோ, நிபந்தனைகள் மாறியிருந்தாலோ அது ஒப்பீட்டுக்கு உதவாமல் போகலாம் என்று அதே விதிகள் எச்சரிக்கின்றன. எங்கள் பெட்டியில் மூன்றும் இருந்தன.

கொள்முதல் முறையில் பெரிய குறை இருப்பதாக முடிவாகிவிட்டால், அரசு எங்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதம் வரை நிறுத்திவைக்க முடியும். மேலிடத்துக்கு எந்த விதி புரியாவிட்டாலும் இது உடனே புரிந்தது.

இந்த நேரம் பார்த்து, 2023 தொடக்கத்தில் அதே பெட்டி 150 தேவைப்பட்டது. கோப்பு என் மேசைக்கு வந்தது. வழக்கமாக அதைச் செய்துதரும் பட்டறை கொடுத்த விலைப்புள்ளி, ஒன்றுக்கு 1,940 டாலர். மொத்தம் 2,91,000. எண்ணிக்கை இரண்டரை மடங்கு கூடியிருக்க, விலை குறைவதற்குப் பதில் 48 சதவீதம் ஏறியிருந்தது.

அலுவலகத்தில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "அவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்று எழுதிவிடு" என்றார் ஒருவர். அது ஏன் அவரிடம் வாங்குகிறோம் என்பதற்குப் பதில். ஏன் அந்த விலைக்கு வாங்குகிறோம் என்பதற்கு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத கொள்முதல் அலுவலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. "சந்தையில் விற்கும் வணிகப் பொருள் என்று வகைப்படுத்திவிடு" என்றார் இன்னொருவர். எங்கள் வரைபடத்துக்காக மட்டுமே செய்யப்படும் பெட்டியை எந்தச் சந்தையில் விற்பார்கள்? வேறு இரண்டு பட்டறைகளில் விலை கேட்டேன். ஒன்று மறுத்துவிட்டது. மற்றொன்று 2,300 சொன்னது. உலோகத்தை இயந்திரத்தில் அசையாமல் பிடித்துவைக்கும் சட்டகங்களை அவர்கள் முதலிலிருந்து செய்ய வேண்டுமே. "பார், 1,940 மலிவுதான்" என்றார் என் மேலாளர். இந்தப் பெட்டியைச் செய்தே பழகாதவர் சொன்ன விலையை வைத்துப் பல ஆண்டுகளாகச் செய்பவரின் விலையை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

எனவே வழக்கமான பட்டறை முதலாளியிடமே செலவு விவரம் கேட்டேன். சான்றளிக்கப்பட்ட செலவுத் தரவு, அதாவது சரியானது என்று விற்பவரே உறுதியளித்துத் தரும் செலவுக் கணக்கு, கட்டாயமாவதற்கான வரம்பு அப்போது 20 லட்சம் டாலர். நாங்கள் அதற்கு வெகு கீழே இருந்தோம். ஆகவே அவரை வற்புறுத்த முடியாது, கேட்கத்தான் முடியும். ஒஹாயோவில் குடும்பமாக நடத்தும் பட்டறை அது. "என் கணக்குப் புத்தகத்தை என் மருமகனுக்கே காட்டியதில்லை" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார் முதலாளி. நேரில் போனேன். உடன் எங்கள் உற்பத்திப் பொறியாளரையும் அழைத்துப் போனேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். பொறியாளரும் முதலாளியும் இயந்திரத்தருகே நின்று ஒரு மணி நேரம் வெட்டுக்கருவிகளைப் பற்றியே பேசினார்கள். அதன் பிறகு, புத்தகத்தைக் காட்ட மாட்டேன் என்றவர் தாமாகவே ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார்.

உலோகம் 420 டாலர். இயந்திர நேரம் ஒன்பதரை மணி, மணிக்கு 105 வீதம் சுமார் 998. வெளியே கொடுத்துச் செய்யும் பூச்சு 190. இயந்திரத்தை ஆயத்தப்படுத்தும் செலவு 60. இவற்றின் மேல் நிர்வாகமும் லாபமும் சேர்த்துச் சுமார் 16 சதவீதம்.

தாளைப் பார்த்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது. உலோக விலையை அவர் 2022 வசந்த காலத்து பில்லிலிருந்து எடுத்திருந்தார். பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதை அடுத்து, அந்த மார்ச்சில் லண்டன் சந்தையில் அலுமினியம் டன்னுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. ஆண்டு முடிவதற்குள் வெகுவாக இறங்கிவிட்டது. புதிதாக விலை கேட்டதில் 340 வந்தது. ஆயத்தச் செலவு மொத்தம் 2,400. அதைப் பழைய வழக்கப்படி 40ஆல் வகுத்திருந்தார். 150ஆல் வகுத்தால் 16 டாலர்.

நேரத்தில்தான் இழுபறி. எங்கள் பொறியாளரின் கணக்கு ஆறரை மணி. ஆனால், அவர் பழைய வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தார். புதிய திருத்தத்தில் நான்கு துளைகளின் துல்லிய அளவை நாங்களே இறுக்கியிருந்தோம். அதற்கு ஒன்றரை மணி கூடுதலாகும் என்று அவரே ஒப்புக்கொண்டார். எட்டு மணியில் இரு தரப்பும் நின்றது. கூட்டிப் பார்த்தால் 1,608. பேசி முடித்தது 1,620. மொத்தத்தில் 48,000 டாலர் குறைந்தது. பழைய 1,310ஐவிட அது ஏன் கூடுதல் என்பதற்கும் இப்போது என்னிடம் பதில் இருந்தது.

உத்தரவில் கையெழுத்திடும் முன்பே பதினொரு பக்கம் எழுதி, தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன். பின்னால் எழுதிச் சேர்த்த நியாயத்துக்குப் பரிசோதகர்களிடம் மதிப்பில்லை.

அடுத்த ஆண்டு வந்த குழுவும் அதே பெட்டியைத்தான் எடுத்தது. "எட்டு மணி நேரம் என்று யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார் ஒருவர். பொறியாளரின் தாளைக் காட்டினேன். தாளின் தேதியையும் உத்தரவின் தேதியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார். பிறகு அடுத்த கோப்பைக் கேட்டார். நல்லவேளை, அது என்னுடையதல்ல.