சாமி மேல என்னங்கண்ணா கோவம்?

எங்கள் லேத் பட்டறை இருப்பது கோவை கணபதியில். நாத்திகன் தொழில் செய்கிற இடத்தின் பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். சிரிக்கட்டும், வாடகை கட்டுப்படியாகிறது.

போன ஆயுத பூஜை அன்று காலையிலேயே பையன்கள் மூன்று லேத்தையும் டீசல் போட்டுத் துடைத்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் என் செலவு. நான் மூலையில் உட்கார்ந்து போனஸ் கவரில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் முன்னால் சேர்ந்த தம்பி சூடத் தட்டை என் பக்கம் நீட்டினான். டர்னர் பெரியவர் கண்ணைக் காட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அப்புறம் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "சாமி மேல என்னங்கண்ணா கோவம்?"

இருபத்தைந்து வருடமாக என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதுதான் முதலிடம். எங்கள் அம்மாவும் இதையேதான் ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். "அவங்கப்பன் போன கோவத்துல சாமிய உட்டுப்போட்டான்" என்று. அப்பா இறப்பதற்கு நாலு வருடம் முன்பே, பாலிடெக்னிக் படிக்கும்போதே, எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. போன தேதி தெரியாது. பால் பல் விழுந்த தேதி யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கோபப்பட வேண்டுமானால் எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும். எனக்கு அப்படி யாரும் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைச் சொன்னால் யாரும் ஏற்பதில்லை. உள்ளே ஒரு காயம் இருந்தாக வேண்டும் அவர்களுக்கு.

அடுத்தது இந்த 'நம்பிக்கை' என்ற சொல். தமிழில் ஒரே பையில் நாலு சரக்கைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். கடவுள் நம்பிக்கை, தன்னம்பிக்கை, நம்பிக்கையான ஆள், நாளைக்கு மழை வரும் என்ற நம்பிக்கை. அதனால் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொன்னதும் கேட்பவருக்கு நாலும் சேர்ந்து கொட்டிவிட்டதாகத் தோன்றுகிறது. "நம்பிக்கை இல்லாம எப்படீங்க தொழில் பண்றீங்க?" என்று ஒரு பார்ட்டி உண்மையான கவலையோடு கேட்டார். அவருக்கு மூன்று மாதக் கடனில் வேலை செய்து கொடுத்திருக்கிறேன். அது நம்பிக்கை இல்லாமல் வேறு என்ன?

"இல்லைன்னு நிரூபிச்சுக் காட்டுங்க" என்பவர்களும் உண்டு. வானம் பூராவும் தேடிப் பார்த்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஷாஃப்ட் 25 மில்லி என்று ஒருவர் கொண்டு வந்தால் மைக்ரோமீட்டர் வைக்காமல் நான் பேரிங் ஏற்றுவதில்லை. "25 இல்லைன்னு நீங்க நிரூபிங்க" என்று யாரும் சண்டைக்கு வருவதில்லையே. அளந்து காட்டினால் சரி என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒருமுறை சக் சரியாக இறுகாமல் கடைந்துகொண்டிருந்த ஜாப் தெறித்து என் காதோரம் போனது. "ஐயோ முருகா!" என்றேன். பட்டறையே விழா கொண்டாடியது. ஒரு வாரம் இதே பேச்சு. அடிபட்டு "அம்மா" என்று கத்துகிறவன் அம்மா பக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்தா கத்துகிறான்? மொழி வாயில் ஊறியிருக்கிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஒன்று மட்டும் வலித்தது. பாவ புண்ணியத்துக்குப் பயப்படாதவன் எதையும் செய்வான் என்கிற எண்ணம்.

பம்ப் ஷாஃப்ட் ஜாப் வொர்க் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், ஒரு லாட்டில் ஆறு ஷாஃப்ட் குறைவதாகச் சொன்னார். என் நோட்டில் கணக்கு சரியாக இருந்தது, அவர் நோட்டில் குறைந்தது. பேசிப் பேசிச் சலித்துப்போய், "மருதமலையானுக்கு நேரா நின்னு கொடுத்துட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, விட்டுடறேன்" என்றார். மாட்டேன் என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டான் என்று நினைத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். சத்தியம் பண்ணுவது எனக்குத்தான் சுலபம். பொய்யே சொன்னாலும் கண் அவிந்துபோகும் என்ற பயம் எனக்குக் கிடையாது. ஒரு நிமிட வேலை, ஆறு ஷாஃப்ட் மிச்சம். ஆனால் அவர் மதிக்கிற ஒன்றை, நான் மதிக்காமலே, அவரை நம்ப வைக்கப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். புரியவில்லை. சாட்சிக் கூண்டில்கூட, 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி, கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி கூறலாம். அவருடைய குடோனில் அதற்கு இடமில்லை. கடைசியில் ஆறு ஷாஃப்ட்டையும் என் செலவில் போட்டுக் கொடுத்தேன். தப்பு எந்த நோட்டில் என்று இன்றுவரை தெரியாது. "சத்தியம் பண்ணப் பயந்துட்டான்" என்று நாலு இடத்தில் சொல்லியிருக்கிறார். நாத்திகன் எந்தச் சாமிக்குப் பயந்தான் என்று யாரும் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் கட்சி. நாத்திகன் என்றால் கறுப்புச் சட்டை. ஈரோடு இங்கிருந்து நூறு கிலோமீட்டர்தான், 1925-இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் இல்லையென்றால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் தாண்டியிருக்க மாட்டார்கள். அந்த மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் நான் எதிலும் உறுப்பினர் இல்லை. நாத்திகம் அவரோடு பிறந்ததும் இல்லை. மனுஸ்மிருதி வேதத்தை நிந்திப்பவனைத்தான் நாஸ்திகன் என்கிறது. அந்தக் கணக்கில் சமணரும் பௌத்தரும் நாத்திகர். மணிமேகலையில் ஒரு பூதவாதி வருகிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் போதை பிறக்கிற மாதிரி நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, மறுமையெல்லாம் பொய் என்கிறான். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்கிறாயே, உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள். எங்களை மடக்கும் வழக்கமும் அவ்வளவு பழசு!

சட்டத்துக்கும் எங்களை எங்கே வைப்பது என்று குழப்பம்தான். மாலை மாற்றி, புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டேன். அதைச் செல்லுபடியாக்கிய 1967-இன் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. ஆக, என் கல்யாணம் இந்துத் திருமணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிவானவர்கள் நாடு முழுக்கச் சுமார் 33,000 பேர். அதில் நான் இல்லை. கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா என் பெயரைக் கேட்டார், மதத்தைக் கேட்காமலே எழுதிக்கொண்டு போய்விட்டார். வெயில் நேரம், நானும் மல்லுக்கட்டவில்லை.

இந்துச் சாமியை மட்டும்தானே சொல்வீர்கள் என்பவர்களுக்கு: பக்ரீத் பிரியாணி கொண்டு வரும் பாயிடமும் இதையேதான் சொன்னேன். "மேல ஒருத்தன் இருக்கான் தம்பி, அவன் பாத்துக்குவான்" என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்தார்.

கிருத்திகைக்கு அம்மாவை மருதமலைக்குக் கூட்டிப்போவது நான்தான். அவருக்கு மூட்டு வலி, மேலே வரை வண்டியில் கொண்டு போய் விட வேண்டும். "நாத்திகனுக்கு இங்க என்ன வேலை?" என்று தெரிந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். வாசலில் நின்று அம்மாவின் செருப்புக்குக் காவல் இருப்பேன். பஞ்சாமிர்தம் கொடுத்தால் சாப்பிடுவேன், வாழைப்பழம் என்ன பாவம் செய்தது?

போன மாதம் கூட்டம் அதிகம், வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"உனக்கு நல்ல புத்தி குடுக்கச் சொல்லி."

"இன்னுமா?"

"அவன் மேல உனக்குக் கோவம் தீரட்டும்னு" என்றார். படியில் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டி, எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற வழக்கப்படியே கூப்பிட்டார்:

"அந்தச் செருப்பை இப்படிப் போடு சாமி."