கால்சைட் சில்லு, ஸ்டியரிக் அமிலம்

மார்ச் 3
கச்சா எண்ணெயின் அமிலங்கள் சுண்ணப்பாறையை எண்ணெய் விரும்பும் பரப்பாக்குமா என்று பார்க்கணும். பாறைக்குப் பதில் கால்சைட் (அதன் கனிமம்), அமிலத்துக்குப் பதில் ஸ்டியரிக் (ஒரு கொழுப்பமிலம்), எண்ணெய்க்குப் பதில் டெக்கேன் (ஒரு திரவ ஹைட்ரோகார்பன்). ஸ்டியரிக் அமிலம் 0.284 கிராம், டெக்கேனில் 100 மி.லி. வரை. 0.01 மோலார். டெக்கேனின் தீப்பற்று வெப்பநிலை 46°C. அடுப்பு 40-ஐத் தாண்டக்கூடாது, குப்பி மூடி இறுக்கமாக இருக்கணும்.

மார்ச் 4
ராத்திரி முழுக்க ஏசி. குப்பி அடியில் வெள்ளைச் செதில். வெதுவெதுப்பாக்கினால் கரைகிறது. இனி குளிர்ந்த மேசையில் வைப்பதில்லை.

மார்ச் 5
கால்சைட்டைத் தட்டினால் தானே சாய்சதுரமாகப் பிளக்கிறது. புதிதாகப் பிளந்த முகம் மட்டும்தான் செல்லும். இடுக்கி விளிம்பைத்தான் பிடிக்கணும். விரல் பட்டால் தொலைந்தது, தோலின் எண்ணெயிலும் கொழுப்பமிலம் உண்டு.

மார்ச் 9
கரைசலில் ஊறிய சில்லின் மேல் நீர்த்துளி சேர்கோணம் (துளி பரப்பைத் தொடும் கோணம்; 90°-ஐத் தாண்டினால் பரப்பு நீரை விலக்குகிறது) 105-க்கு மேல். எண்ணெய் விரும்பும் பாறை என்று எழுதிவிடலாம். ஆனால் அந்தச் செதில்! சில்லை வெளியே எடுத்துக் காயவிட்டால், ஒட்டிய கரைசலின் அமிலம் முகத்தில் மெழுகாய்ப் படியும். அது கால்சியத்தோடு பிணைந்த கார்பாக்சிலேட் (அமிலத்தின் எதிர்மின் வடிவம்) இல்லை, வெறும் படிவு. கோணத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே ஈரம் காயுமுன் சுத்தமான டெக்கேனில் அலசணும். டொலுயீன்-மெத்தனால் வேண்டாம், அது பிணைந்ததையும் பிடுங்கும்.

மார்ச் 10
அலசியபின் கோணம் குறைந்தது. ஆனாலும் 90-க்கு மேல்தான். நிம்மதி, பாதி.

மார்ச் 11
துளி வைத்த பத்தாம் நிமிடம் கோணம் சரிகிறது. தப்பு தண்ணீரில்தான். காய்ச்சி வடித்த நீர் கால்சைட்டைக் கரைக்கிறது, அமிலப் படலமும் கூடவே போகிறது. கால்சைட் தூளை நீரில் ஒரு நாள் கலக்கி, வடிகட்டி, அந்தத் தெளிவை மட்டும் ஊசியில் எடுக்கணும். கோணத்தை அளப்பது துளியின் நீர்ப் பக்கமாகத்தான்.

மார்ச் 13
ஒப்பிடுவதற்காக அதே கரைசலில் போட்ட குவார்ட்ஸ் (மணற்பாறையின் கனிமம்): கோணம் அசையவில்லை. அசையாதுதான்: அதன் பரப்பு pH 2–3-க்கு மேல் எதிர்மின், கார்பாக்சிலேட்டும் எதிர்மின். நடுவில் கால்சியம் பாலம் போட்டால்தான் ஒட்டும். மூன்றாம் குப்பியில் கால்சியம் குளோரைடு நீரில் நனைத்த குவார்ட்ஸ்.

மார்ச் 14
மறுபடி அதே செதில்.

மார்ச் 16
உலர்ந்த சில்லு நிலத்தடிப் பாறை ஆகாது. அங்கே உப்புநீர் முதலில் வந்தது, எண்ணெய் பிறகு. அந்த நீர்ப்படலத்தைக் கடந்துதான் அமிலம் பரப்பைத் தொடணும். உலர்ந்த சில்லு எண்ணெய் விருப்பத்தைக் கூட்டியே காட்டும். 1987 முதல் கடல்நீர் செலுத்தும் எக்கோஃபிஸ்க் (வடகடலில் நார்வேயின் எண்ணெய் வயல்) சுண்ணப்பாறைக்கு இந்தக் கோண அளவைக் கொண்டுபோனால் அபத்தம். அங்கே 130°C-ஐ ஒட்டிய சூடு, கடல்நீரின் சல்ஃபேட்டும் கார்பாக்சிலேட்டோடு இடத்துக்குப் போட்டியிடுகிறது.

நாளை, முதலில் உப்புநீரில் நனைத்த சில்லு. மூன்றாம் குப்பி இன்னும் அடுப்பில்.