கை மாறி வரும் பியர்டட் டிராகன்

வளர்க்க முடியாமல் யாரோ கொடுக்கும் பியர்டட் டிராகனை (செல்லப்பிராணியாக வளர்க்கும் ஒரு பல்லி வகை) எடுக்கப் போகிறீர்களா? முதலில் வாலின் அடிப்பாகத்தைப் பாருங்கள். எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் உடம்பு வற்றிப்போயிருக்கிறது. கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளைந்தாலோ, விரல்கள் துடித்தாலோ கால்சியம் குறைபாடாக இருக்கலாம். ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

இந்தக் குறைபாட்டுக்குப் பல நேரம் குற்றவாளி பழைய யூவிபி விளக்குதான், அதாவது கால்சியம் உடம்பில் சேரத் தேவையான புற ஊதாக்கதிரைத் தரும் விளக்கு. பளிச்சென்று எரியும், ஆனால் ஓராண்டுக்குள் புற ஊதாக்கதிர் நன்றாகக் குறைந்திருக்கும். கூடவே வரும் விளக்கை நம்பாமல் புதுக் குழல் போடுங்கள். அதையும் கண்ணாடி மூடிக்கு மேல் வைத்தால் வீண், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

தொட்டி 120 செ.மீ. நீளமாவது வேண்டும். வெயில் காயும் கல்லின் மேல் 40 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் சுமார் 25. சுவரில் ஒட்டும் வெப்பமானி கல்லின் சூட்டைச் சொல்லாது, அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். தரைக்குச் செய்தித்தாள் போதும், எச்சத்தைக் கவனிக்கவும் வசதி.

புது இடத்தில் சில நாள் சாப்பிடாமல் கிடக்கும். தூக்கிக் கொஞ்சாதீர்கள், பாவம். இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி கொடுக்க வேண்டாம். மிஞ்சிய சுவர்க்கோழிகளை இரவுக்குள் எடுத்துவிடுங்கள், தூங்கும் பிராணியையே கடித்து வைக்கும்.